செம்புப் பொடியின் எண்

“இந்த மிஷினுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுங்க மேடம்” என்றார் நாச்சிமுத்து.

கோகிலவாணி நிமிர்ந்து பார்க்கவில்லை.

“ஒரே டப்பாங்க. ஒரே பொடிங்க. ஒருக்கா வெச்சாப் பன்னெண்டுங்குது. இன்னொருக்கா வெச்சாப் பதினொண்ணுங்குது. மறுக்கா வெச்சா அதுவுமில்ல, இதுவுமில்ல.”

“மிஷின் வெச்ச எடத்துலதான இருக்குதுங்ணா?”

“ஆமாங்க.”

“அப்பக் கிறுக்கு அதுக்கில்ல. கொட்டிட்டு மறுபடி ஊத்துங்க.”

கொட்டினார். துடைத்தார். மறுபடி ஊற்றினார்.

புதிதாக இன்னொரு எண் வந்தது.

*

அது செம்புப் பொடி செய்கிற ஆலை. லாரிகளின் பிரேக் கட்டைக்குள் போய்ச் சேரும் பொடி அது.

உலையிலிருந்து நல்லபடியாக இறங்கிய பொடி, புதுச் செம்புக் குடத்தின் உட்புறம் போல இருக்கும். பொடித் தட்டங்கள் பெல்ட்டில் ஊர்ந்து போகும் உலைக்குள் ஹைட்ரஜன் ஓடுகிறது. பொடி வெளியேறும் குளிர்ந்த முனையில் துளி காற்றுப் புகுந்தாலும் சிவப்பு மங்கிவிடும். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மங்குவதற்குள் காரியம் கெட்டிருக்கும்.

அதனால்தான் மாடியில் லேப் இருந்தது. லேபில் மிஷின் இருந்தது. அடியில் கண்ணாடி பதித்த கிண்ணத்தில் பொடியை நிரப்பி அதன்மேல் வைத்தால், கீழிருந்து ஒளி பாய்ச்சி, சிவப்புக்கு ஓர் எண் சொல்லும். பதினொன்றும் அதற்கு மேலும் என்றால் நல்ல பொடி. அதற்குக் கீழே என்றால் இல்லை.

எண்ணை யாரும் கீழே கொண்டுபோய்க் காட்டுவதில்லை. அந்த ஆலையில் ஒரு வழக்கம். கிண்ணத்தை நிரப்பியவரே மாடி ஜன்னலுக்கு வர வேண்டும். கீழே முற்றத்தில் லாரியும் ஆட்களும் நிற்பார்கள். அவர்களைப் பார்த்து ஒரு சொல் சொல்ல வேண்டும்.

“போகட்டும்.”

அல்லது, “நிக்கட்டும்.”

மூன்றாவது சொல் கிடையாது. காகிதமெல்லாம் பின்னால் வரும். வண்டி அந்தச் சொல்லுக்குத்தான் நகரும்.

நாச்சிமுத்து தன் வயதில் பாதியை அந்த முற்றத்தில் கழித்தவர். லேபுக்கு வருமுன் இரண்டாம் உலைக்கு மேஸ்திரி. மேலேயிருந்து ‘போகட்டும்’ விழும்போது அவர் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை. தெரிந்த சங்கதிதானே என்பது போல மீசையை மட்டும் ஒருமுறை தடவிக்கொள்வார். இரண்டாம் உலைப் பொடிக்கு ‘நிக்கட்டும்’ விழுந்து வருஷக்கணக்காகிவிட்டது. ஆயுத பூஜையன்று ஆலையின் முதல் மாலை அந்த உலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

நெஞ்சுக்கு வெக்கை ஆகாது என்று டாக்டர் சொன்ன பிறகு, மேனேஜர் சந்திரமோகன் அவரைக் கூப்பிட்டு கேட்டில் நாற்காலி போட்டுத் தருவதாகச் சொன்னார்.

“போற வர்ற காருக்கு சல்யூட் அடிக்கச் சொல்றீங்களாங்க?”

“வேற என்னய்யா வேணும்?”

“லேப்.”

மேனேஜர் சிரித்தார். கோகிலவாணியிடம் சொல்லியும் சிரித்தார். லேபுக்குத் தலைமை கோகிலவாணிதான். நாச்சிமுத்துவின் மூத்த மகள் வயது இருக்கும்.

கோகிலவாணி சிரிக்கவில்லை. “வரட்டும்” என்றார்.

*

“எப்பொங்க நான் ஜன்னலுக்குப் போறது?”

லேபுக்கு வந்த நாளிலிருந்து நாச்சிமுத்துவின் மனசில் கிடந்த கேள்வி அது. ஒருநாள் கேட்டே விட்டார்.

“தெறந்துதான இருக்குது. போங்க” என்றார் கோகிலவாணி.

நாச்சிமுத்து போனார். கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். லாரியின் முதுகு தெரிந்தது. தான் வழக்கமாக நின்ற இடம் தெரிந்தது. மேலேயிருந்து பார்க்க அது ரொம்பச் சின்னதாக இருந்தது.

“என்ன சொல்லப் போறீங்க?”

நாச்சிமுத்து திரும்பி மிஷினைப் பார்த்தார். அன்று காலையிலிருந்து அவர் ஊற்றியதில் பாதி பதினொன்றுக்கு மேலே நின்றன, பாதி கீழே கிடந்தன.

ஜன்னலைவிட்டுத் திரும்பி வந்து கிண்ணத்தைக் கையில் எடுத்தார்.

*

அவர் சும்மா விடுகிற ஆள் இல்லை.

மிஷினை விட்டுவிட்டுத் தன் கையைக் கவனிக்க ஆரம்பித்தார். பொடியை ஊற்றியதும் அவர் கை கிண்ணத்தை மேசையில் டொக் டொக் என்று தட்டியது. உலையில் தட்டத்தைத் தட்டிச் சமன்செய்த கை. தட்டத் தட்ட நைஸ் பொடியெல்லாம் அடியில் போய்க் கண்ணாடியில் படிந்தது. எண் இறங்கியது.

தட்டாமல், மேலே வைக்கிற எடைக்கட்டியை அமுக்கி ஒரு திருகு திருகினால், பொடி கண்ணாடியில் தேய்ந்து மினுமினுத்தது. எண் ஏறியது.

அன்று சாயங்காலம் டீக்கடையில் அவர் நின்ற தோரணையே வேறு.

“மிஷின் என்ற கைக்குள்ள வந்துருச்சு மாப்ள.”

ரங்கராசு அவருடைய மனைவியின் தம்பி. அவருக்குப் பிறகு இரண்டாம் உலையைப் பார்த்துக்கொள்கிறவன்.

“எப்புடி மாமா?”

“தட்டுனா எறங்கும். திருகுனா ஏறும். அவ்வளவுதான் வித்தை.”

“அப்ப நம்ம பொடிக்கு இனி அழிவே இல்லைன்னு சொல்லு” என்றான் ரங்கராசு. டீக்கு அவனே காசு கொடுத்தான்.

*

மறுநாள் காலை நாச்சிமுத்து கோகிலவாணியின் மேசை முன்னால் போய் நின்றார்.

“என்ன எண்ணு வேணும், சொல்லுங்க மேடம்.”

கோகிலவாணி பேனாவை மூடி வைத்தார். நாற்காலியை மிஷின் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பத்து.”

நாச்சிமுத்து ஊற்றினார். காதை வைத்துக் கேட்பது போலக் குனிந்து தட்டினார். பத்து வந்தது.

“பன்னெண்டு.”

கொட்டினார். ஊற்றினார். அமுக்கித் திருகினார். பன்னிரண்டு வந்தது.

“பதினொண்ணே கால்.”

இந்தத் தடவை கொஞ்சம் தட்டி, கொஞ்சம் திருகினார். பதினொன்றே காலே வந்தது.

“அட!” என்றார் கோகிலவாணி. “எனக்கு இது வராதுங்ணா. சத்தியமா வராது.”

அவர் கிண்டல் செய்யவில்லை. அது நாச்சிமுத்துவுக்குத் தெரிந்தது. மீசைக்குக் கை போனது.

“இப்ப இந்தப் பொடியோட எண்ணக் காட்டுங்க.”

நாச்சிமுத்து கிண்ணத்தை எடுத்தார். பொடியை ஊற்றினார்.

தட்டுவதா, திருகுவதா?

கை அந்தரத்தில் நின்றது.

“அது எதுங்க?” என்று கேட்டார்.

“தெரியாதுங்ணா.”

“உங்களுக்குமா?”

“ஊத்துறதுக்கு முன்னாடி எனக்கு எப்படித் தெரியும்?”

*

மதியம் நாச்சிமுத்து சாப்பாட்டுத் தூக்குப்போசியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். நேரே லேபுக்குப் போனார்.

“நீங்க ஒருக்கா ஊத்துங்க மேடம். நான் பாக்கோணும்.”

கோகிலவாணி ஊற்றினார்.

கரண்டியிலிருந்து பொடி தானாகச் சரிந்தது. கிண்ணம் நிரம்பி விளிம்புக்கு மேல் குவிந்தது. ஒரு பட்டையால் குவியலை ஒரே வழியாக வழித்தார். எடைக்கட்டியை மேலே வைத்தார். கையை எடுத்தார்.

நாச்சிமுத்து இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். சூட்சுமம் எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டேயிருந்தார். எண் வந்துவிட்டது.

“முடிஞ்சுதுங்களா?”

“முடிஞ்சுது.”

“நடுவுல ஒண்ணும் பண்ணலீங்களே?”

“இல்லைங்ணா.”

“இதைக் கத்துக்க ஒரு படிப்பாங்க?”

கோகிலவாணி கிண்ணத்தைக் கொட்டிக் கழுவித் துடைத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

நாச்சிமுத்து ஊற்றினார். வழித்தார். எடைக்கட்டியை வைத்தார். விளிம்பு லேசாகச் சாய்ந்திருப்பது போலப் பட்டது. விரல் போய்விட்டது.

“கை” என்றார் கோகிலவாணி.

மறுபடி ஊற்றினார். ஓரத்தில் ஒரு பொட்டுக் குறைந்தது போலிருந்தது. விரல் போய்விட்டது.

“கைங்ணா.”

“அது தானாப் போகுதுங்க மேடம். நான் அனுப்பல.”

“வெச்சதும் ரெண்டு கையையும் பின்னால கட்டிக்குங்க.”

இருபது பேரைக் கட்டி மேய்த்த மனுஷன். பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மிஷின் முன்னால் நின்றார். ஊற்றுவார், வழிப்பார், வைப்பார், கட்டிக்கொள்வார். நாள் முழுக்க அதேதான். மழைக்காலம் போய் வெயில்காலம் வந்தது. அதேதான்.

முற்றத்திலிருந்து ஜன்னல் வழியாக ரங்கராசு அதைப் பார்த்துவிட்டான்.

“மாமோவ்! வீட்டுப்பாடம் எழுதலையா?”

முற்றமே சிரித்தது.

நாச்சிமுத்து கையை அவிழ்க்கவில்லை. எண்களில் வித்தியாசம் குறைந்துகொண்டு வந்தது. ஆனால் ஒருநாளும் ஒன்றாகவில்லை.

*

ஆயுத பூஜைக்கு முந்தின கடைசி லோடு அது. இரண்டாம் உலைப் பொடி.

லாரி முற்றத்தில் இன்ஜின் ஓடிக்கொண்டே நின்றது. துறைமுகத்தில் கப்பல் காத்திருக்கிறது என்று மேனேஜர் சந்திரமோகன் தானே இறங்கி வந்து முற்றத்தில் நின்றார். உலைக்காரர்கள் மாலைக்குச் சொல்லிவிட்டார்கள். சாமந்தியா சம்பங்கியா என்று காலையிலிருந்து அவர்களுக்குள் சண்டை.

கோகிலவாணி பொடி டப்பாவை நாச்சிமுத்துவின் பக்கம் நகர்த்தினார்.

“நீங்க பாருங்ணா.”

“சரிங்க. நீங்க ஜன்னலுக்குப்...”

“ஜன்னலும் நீங்கதான்.”

நாச்சிமுத்து பானைப் பக்கம் போனார். தண்ணீர் குடித்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

ஊற்றினார். வழித்தார். வைத்தார். கையைக் கட்டிக்கொண்டார்.

பத்தே முக்கால்.

எண்ணை இன்னொருமுறை பார்த்தார். பத்தே முக்கால்தான்.

கிண்ணத்தைக் கொட்டிக் கழுவித் துடைத்து மறுபடி ஊற்றி, வழித்து, வைத்தார். கோகிலவாணி ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. ரங்கராசு மூச்சிரைக்க உள்ளே வந்தான்.

“என்ன மாமா இத்தன நேரம்? வண்டிக்காரன் ஆரன் அடிச்சுக் கொல்றான்.”

“ஒரு முடி கொறையுது மாப்ள.”

“முடிதான?” ரங்கராசு கோகிலவாணியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். “ஒரு திருகு.”

நாச்சிமுத்து எடைக்கட்டியைப் பார்த்தார்.

“நீ சொன்னதுதான மாமா. திருகுனா ஏறும்னு.”

“சொன்னேன்.”

“இது ஆரு ஆரம்பிச்சு வெச்ச மாலை? நானா? நீ அங்க நின்னு வாங்குன பேரு. இன்னிக்கு உன்ற வாயாலயே ‘நிக்கட்டும்’னா, பசங்க மூஞ்சில எப்படி முழிப்ப? அக்கா மூஞ்சில எப்படி முழிப்ப?”

அது உண்மை. அந்த உலையின் பெயரை நாச்சிமுத்து தன் பெயரைப் போல வைத்திருந்தார். கல்யாண வீடுகளில் அறிமுகம் செய்துகொள்ளும்போதே, ‘ரெண்டாம் நம்பர் பர்னஸ் நாச்சிமுத்து’ என்பார். லேபுக்கு வந்த பிறகும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

எடைக்கட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரே ஒரு திருகு. அவர் விரல்களுக்கு அந்த அளவு துல்லியமாகத் தெரியும். பதினொன்றும் ஒரு பொட்டும் என்று நிறுத்தலாம். சந்தேகமே வராது.

மிஷினைப் பார்த்தார்.

பத்தே முக்கால்.

அவருக்கு ஏதோ தட்டுப்பட்டது. கிண்ணத்தை எடுத்தார். கொட்டினார். கழுவினார். துடைத்தார். ரங்கராசு ‘மாமா, மாமா’ என்று ஏதோ சொல்லிக்கொண்டேயிருந்தான். காதில் விழவில்லை. கரண்டியைச் சாய்த்தார். பொடி தானாகச் சரிந்தது. ஒரே வழியாக வழித்தார். வைத்தார். கையை எடுத்தார்.

பத்தே முக்கால்.

நாச்சிமுத்து குனிந்து தன் கையைப் பார்த்தார். அது பின்னால் கட்டியிருக்கவில்லை. இடுப்புப் பக்கத்தில் தொங்கிக்கொண்டு சும்மா இருந்தது.

“மூணு தடவையும் ஒண்ணே” என்றார்.

“என்ன மாமா?”

“மூணு தடவையும் ஒரே எண்ணு மாப்ள!”

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பேரன் பிறந்த சேதி வந்த அன்று சிரித்த மாதிரி சிரித்தார். ரங்கராசு இவருக்குத்தான் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தான்.

கோகிலவாணியின் பேனா நின்றிருந்தது. அவர் எண்ணைப் பார்க்கவில்லை. நாச்சிமுத்துவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாச்சிமுத்து ஜன்னலுக்குப் போனார்.

லாரியின் முதுகு. மேனேஜரின் வழுக்கை. உலைக்காரர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் வளர்த்த ஆட்கள். ஒருவன் கையில் மாலைக்குக் கொடுத்த அட்வான்ஸ் ரசீது இருந்தது.

உலை இரைச்சலைத் தாண்டிக் கூப்பிட்டுப் பழகிய குரல் அவருடையது. அன்று அது ஆலையின் மதில்வரை போயிற்று.

“நிக்கட்டும்!”

*

முதலில் யாருக்கும் புரியவில்லை. அந்தக் குரலில் அந்தச் சொல்லை அவர்கள் கேட்டதே இல்லை.

சந்திரமோகன்தான் முதலில் கத்தினார்.

“யோவ் நாச்சிமுத்து! விளையாடுறியா? மேடம் எங்க? மேடம்!”

கோகிலவாணி ஜன்னலுக்கு வந்து நாச்சிமுத்துவின் பக்கத்தில் நின்றார். இல்லை, ஓர் அடி பின்னால் நின்றார்.

“மேடம், நீங்க ஒருக்கா ஊத்திப் பாத்துச் சொல்லுங்க.”

“கிண்ணத்தக் கழுவப் போட்டாச்சுங்க சார்.”

“வேற கிண்ணம் இல்லையா?”

“இருக்குதுங்க. அதையும் கழுவணும்.”

ரங்கராசு இன்னும் மிஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். நாச்சிமுத்துவின் சிரிப்பு அவனை என்னவோ செய்திருந்தது.

“மாமா, நெசமாலும் மூணும் ஒண்ணா?”

“ஒண்ணு.”

“உன்ற கை அதுல இல்லையே?”

“இல்ல மாப்ள.”

ரங்கராசுவின் முகம் மாறியது. மச்சினன் முகம் போய் உலைக்காரன் முகம் வந்தது.

“அப்பக் காத்து உள்ள போகுது” என்றான்.

காற்றும் ஹைட்ரஜனும் சூட்டில் சேர்ந்தால் வெடிக்கும் என்று உலைக்காரனுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. படிகளைத் தாவித் தாவி இறங்கினான். முற்றத்தைக் கடக்கும்போதே கத்தினான்.

“பெல்ட்ட நிறுத்துங்கடா! ஹைட்ரஜன மூடு! நைட்ரஜன விடு! ஒருத்தனும் வெளி முனைக்குப் போகக் கூடாது!”

உலைக்காரர்கள் ஓடினார்கள். ரசீது காற்றில் பறந்தது.

“யாரக் கேட்டுடா நிறுத்தறீங்க?” என்றார் சந்திரமோகன்.

பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. அவர் மாடியைப் பார்த்தார். நாச்சிமுத்து ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நிமிர்ந்து நின்றார். மேனேஜரின் கண்ணை நேராகப் பார்த்தார்.

அப்போதுதான் சந்திரமோகனுக்கு முற்றத்தில் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தார். லாரியின் இன்ஜின் ஓடவில்லை. டிரைவர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, டீக்கடைப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். நாமக்கல் பக்கத்து ஆள். ஆலைக்கு வருகிறவர், போகிறவர். யார் மேஸ்திரி, யார் மேனேஜர், யார் மச்சினன் என்றெல்லாம் அவருக்குத் தெரியாது.

“யோவ்! எங்கய்யா போற? வண்டிய யாரு ஆஃப் பண்ணச் சொன்னது?”

டிரைவர் நின்றார். இதென்ன கேள்வி என்பது போல அவரைப் பார்த்தார். பிறகு மாடி ஜன்னல் பக்கம் மோவாயை நீட்டினார்.

“லேப்ல நிக்கட்டும்னுட்டாங்களே சார்.”